துறக்கத் தெரிந்த துணைவேந்தர்

பல்கலைக்கழகத் துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் யாருக்கு? வேந்தராகிய ஆளுநருக்கா, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசுக்கா? அண்மை ஆண்டுகளில் தமிழகத்தில் உயர்கல்வி குறித்து நடைபெற்ற விவாதம் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்தது. ஆளுநரிடம் தேங்கிய பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, துணைவேந்தர் நியமனம் தொடர்பான பிரிவுகளுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இந்த இழுபறிக்கிடையே பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுக்களின் பொறுப்பில் இயங்க நேர்ந்தது.

நியமிப்பவர் யார் என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அதற்கு இணையான மற்றொரு கேள்வியை நாம் எழுப்புவதே இல்லை. நியமிக்கப்பட்டவர், தம்மை நியமித்தவரிடம் 'முடியாது' என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா? சொல்ல முடியாத கட்டம் வரும்போது, பதவியை வைத்துவிட்டு வெளியேறும் வாய்ப்பாவது அவருக்கு உண்டா?

இக்கேள்விக்கு விடை தேட, பழைய சென்னை மாகாணத்தில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு உதவும். அவர் அரசியல்வாதி, பொருளியல் நூல் எழுதியவர், தெலுங்கு இலக்கியத் திறனாய்வில் புதுப்பாதை வகுத்தவர், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். சி.ஆர். ரெட்டி என்று அறியப்பட்ட கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டிதான் அவர்.

1880 டிசம்பர் 10 அன்று சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் அவர் பிறந்தார். அன்றைக்குச் சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமாக அது உருவானது 1911இல்தான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற இளைஞர் ரெட்டி, மாணவப் பருவத்திலேயே 'முசலம்ம மரணம்' என்ற காவியத்தை இயற்றினார். உடையவிருந்த ஏரிக்கரையைக் காக்கத் தன்னுயிரைத் தந்த ஒரு குடியானவப் பெண்ணின் கதை அது. அனந்தபுரம் பகுதியில் வழங்கிவந்த நாட்டார் கதையே அதன் மூலம். அரசர்களையும் தேவர்களையும் பாடிவந்த காவிய மரபில், ஏரிநீரை நம்பி வாழும் ஊரொன்றின் மருமகள் தலைவியானாள். நவீன தெலுங்குக் கவிதையின் தொடக்கங்களுள் ஒன்றாக இதனை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர்.

பின்னர் அரசின் உதவித்தொகை பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்றார். அங்குள்ள யூனியன் விவாதக் கழகத்தில் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படும் அளவுக்கு அவருடைய ஆங்கில நாவன்மை புகழ்பெற்றிருந்தது. தாயகம் திரும்பியவரைப் பரோடா மன்னர் சாயாஜி ராவ் கெய்க்வாட் வரவேற்றார். பரோடா கல்லூரியில் அரவிந்தர் முன்பு வகித்த துணை முதல்வர் பொறுப்பு ரெட்டிக்கு வந்தது. அங்கிருந்து மைசூர் மகாராஜா கல்லூரிக்குச் சென்று பேராசிரியராகவும் முதல்வராகவும் பணியாற்றினார்.

மைசூரில் கழித்த ஆண்டுகளே அவரைக் கல்வி நிர்வாகியாக உருவாக்கின எனலாம். அன்றைக்கு மைசூர் சமஸ்தானத்துக் கல்லூரிகள், 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. பாடத்திட்டமும் தேர்வும் பட்டமும் சென்னையிலிருந்தே வந்தாக வேண்டும். தங்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் விரும்பினர். ரெட்டியும் அவருடைய சக பேராசிரியர் தாமஸ் டென்ஹாமும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அமைப்பை ஆராய்ந்து அளித்த அறிக்கைகள் அதற்கு அடித்தளமாயின. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. பின்னர் சமஸ்தானத்தின் கல்வித்துறைத் தலைவராக, தாழ்த்தப்பட்ட வகுப்புக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்கும் கொள்கைக்கு உறுதுணையாக அவர் நின்றார். 1918 முதல் 1921 வரை சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் மைசூரில் தத்துவப் பேராசிரியராக இருந்தார் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இருவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் முன்னாள் மாணவர்கள். இவர்களின் பாதைகள் மீண்டும் குறுக்கிட்டன.

பொருளியல் ஆசிரியர்கள் அவரை நினைவுகூர வேறொரு காரணமும் உண்டு. பொருளியலைத் தெலுங்கு வாசகருக்கு அறிமுகப்படுத்தும் 'அர்த்தசாஸ்திரமு' என்ற நூலை அவர் எழுதினார். தாய்மொழியில் பொருளியல் எழுத முற்படும் எவருக்கும் அதன் இடர்ப்பாடு தெரியும். கலைச்சொல் இருக்காது, இருந்தால் அதற்கு வேறு பொருள் இருக்கும். மூலதனம், வட்டி, வாரம் ஆகியவற்றைக் குடியானவர் அறிந்த சொற்களால் விளக்க முனைந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1914இல் வெளிவந்த 'கவித்துவ தத்துவ விசாரமு' என்ற திறனாய்வு நூல், பிங்களி சூரனாவின் 'கலாபூர்ணோதயம்' என்ற காவியத்தை மேலைத் திறனாய்வு நோக்கில் ஆராய்ந்தது. மரபுவழிப் புலவர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். எதிர்ப்பைக் கண்டு பின்வாங்குவது அவர் இயல்பன்று.

1921இல் மைசூர்ப் பதவியிலிருந்து விலகி அவர் அரசியலுக்கு வந்தார். அன்றைய சூழலைச் சற்று விளக்குவது அவசியம். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டையாட்சி முறை நடைமுறையில் இருந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதி, காவல், நிலவருவாய் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே தங்கின. கல்வி அமைச்சருக்குக் கல்வியைப் பற்றிப் பேசும் உரிமை இருந்தது. பணப்பெட்டியின் சாவி மட்டும் அவரிடம் இல்லை. இத்தகைய அமைப்பில் சென்னை மாகாணத்தில் ஆட்சி அமைத்தது நீதிக்கட்சி.

அக்கட்சியின் சார்பில் சட்டசபைக்கு வந்த ரெட்டி, விரைவிலேயே தலைமையுடன் முரண்பட்டார். 1923 தேர்தலுக்குப் பிறகு பனகல் அரசர் மீண்டும் அமைச்சரவை அமைத்தபோது, கட்சியிலிருந்து விலகியவர்களும் சுயராஜ்யக் கட்சியினரும் உள்ளிட்ட எதிரணி உருவானது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில், ஐக்கிய தேசியவாதக் குழுவின் தலைவராக ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானத்துக்கு ஆதரவாக 44 வாக்குகள், எதிராக 65. தீர்மானம் தோற்றது. ஆனால் இந்தியச் சட்டமன்ற வரலாற்றில் ஓர் அமைச்சரவைக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று அது குறிப்பிடப்படுகிறது. தாம் சார்ந்திருந்த அணியையே சபையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் மரபுக்கு அது வித்திட்டது.

வியப்புக்குரியது அதற்குப் பின் நிகழ்ந்ததே. தெலுங்கு மாவட்டங்களுக்குத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது. பனகல் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த ஏ.பி. பாத்ரோ அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் துணைவேந்தரானவர், அதே அமைச்சரவையைக் கவிழ்க்க முயன்ற ரெட்டி! எதிரணியில் நின்றவர் என்பது தகுதிக் குறைவாகக் கருதப்படவில்லை. இன்றைய சூழலில் இப்படியொரு தேர்வை நம்மால் கற்பனை செய்ய முடியுமா?

புதிய பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் முதலில் பெஜவாடா, அதாவது இன்றைய விஜயவாடா. தலைமையிடம் எங்கே அமைவது என்பதில் ஊர்களுக்கிடையே பெரும் போட்டி எழுந்தது. கடைசியில் விசாகப்பட்டினத்தை ஒட்டிய வால்டேர் தேர்வாகி, 1930இல் பல்கலைக்கழகம் அங்குக் குடிபெயர்ந்தது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. இராயலசீமைப் பகுதியினர் தொலைவிலுள்ள வால்டேரை ஏற்க மறுத்தனர். அப்பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இருப்பதையே விரும்பின. தெலுங்கு மக்களை ஒன்றிணைக்கத் தோன்றிய நிறுவனமே அவர்களுக்கிடையிலான வட்டார மனத்தாங்கலை வெளிப்படுத்தியது. 1937ஆம் ஆண்டின் ஸ்ரீபாக் உடன்படிக்கையில், அனந்தபுரத்தில் பல்கலைக்கழக மையம் வேண்டும் என்ற கோரிக்கை இடம்பெற்றதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ரெட்டியே சித்தூர்க்காரர் என்பது இந்த வரலாற்றின் முரண்.

பல்கலைக்கழகம் வால்டேரில் காலூன்றத் தொடங்கிய அதே 1930ஆம் ஆண்டு, உப்புச் சத்தியாகிரகத்தின் ஆண்டு. தண்டியில் தொடங்கிய அலை ஆந்திரக் கடற்கரையெங்கும் பரவியது. தமிழகத்தில் வேதாரண்யம் கண்டதைப் போன்ற தடியடிகளையும் கைதுகளையும் அக்கடற்கரை ஊர்களும் கண்டன. பல்கலைக்கழகத்தின் வேந்தர், மாகாண ஆளுநர். அடக்குமுறையை ஏவிய அரசின் தலைவரும் அவரே. இந்த நிலையில் ரெட்டி, அரசின் அடக்குமுறையைக் கண்டித்துத் துணைவேந்தர் பதவியைத் துறந்தார்.

இந்தத் துறவின் எடையை நாம் சரியாக உணர வேண்டும். அவரைப் பதவி நீக்கம் செய்ய எவரும் முனையவில்லை. பல்கலைக்கழக நிர்வாகத்தில் அவர்மீது குற்றச்சாட்டு ஏதுமில்லை. தம் கையால் நட்ட செடி இரண்டிலை விட்டிருக்கும் வேளையில், அதனை விட்டு நீங்குவது எளிதன்று. 'நிறுவனத்தின் நலன் கருதி அமைதி காக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் அவரை எவரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். பதவியில் இருப்போர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் அதுதானே?

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்கள் முன்னுள்ள வழிகளை மூன்று சொற்களால் விளக்கினார்: வெளியேறுதல், குரல் கொடுத்தல், விசுவாசம். வெளியேறும் வாய்ப்பு உண்மையாகவே இருக்கும்போதுதான் உள்ளிருந்து எழும் குரலுக்கு வலிமை கிடைக்கும் என்பது அவர் காட்டிய நுட்பங்களுள் ஒன்று. 'இவரால் எங்கும் போக முடியாது' என்று தெரிந்தபின், ஒருவரின் எதிர்ப்பை எந்த அதிகாரமும் பொருட்படுத்தாது. ரெட்டியின் வாழ்க்கை இக்கருத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. மைசூரை விட்டார், நீதிக்கட்சியை விட்டார், துணைவேந்தர் பதவியை விட்டார். எனவே அவர் பேசியபோது எதிரில் இருந்தவர்கள் கேட்க வேண்டியிருந்தது.

அவருக்கு அந்தச் சுதந்திரம் எங்கிருந்து வந்தது? அவர் மணம் புரியாதவர். குடும்பப் பொறுப்புகள் குறைவு. பதவிக்கு வெளியே எழுத்தாளர், பேச்சாளர், சட்டமன்றவாதி என்ற அடையாளங்கள் அவருக்கு இருந்தன. துணைவேந்தர் என்ற அடைமொழி நீங்கினாலும் சி.ஆர். ரெட்டி என்ற பெயர் எஞ்சும். இதைத் தனிமனித வீரமாக மட்டும் பார்த்தால் பாடத்தைத் தவறவிடுவோம். பதவி ஒன்றையே அடையாளமாகக் கொண்டவரால், அதை இழக்கும் துணிவைப் பெற இயலாது. ஆகவே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதே, அப்பதவி இல்லாமலும் மதிக்கப்படக்கூடியவரா அவர் என்று பார்ப்பது நல்லது.

ரெட்டி விலகியபின் 1931இல் ராதாகிருஷ்ணன் துணைவேந்தரானார். ஐந்தாண்டுகளில் அவர் அங்கு அமைத்த ஆசிரியர் குழு இந்திய உயர்கல்வி வரலாற்றில் பேசப்படுவது. ஹுமாயூன் கபீர், ஹிரேன் முகர்ஜி போன்ற இளம் அறிஞர்களை நாட்டின் மறுகோடியிலிருந்து அவர் வால்டேருக்கு அழைத்துவந்தார். நம் குளித்தலையில் பிறந்த வேதியியல் அறிஞர் டி.ஆர். சேஷாத்ரி, அங்குப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓர் ஆய்வு மரபையே உருவாக்கினார். அறிவியல் கல்லூரிக்கு ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் மன்னர் விக்கிரம தேவ வர்மா ஆண்டுதோறும் ஒரு இலட்சம் ரூபாய் வழங்கினார். இன்றைய ஒடிசாவின் கோராபுட் பகுதியைச் சேர்ந்த ஜெய்ப்பூர் அது. அரசு மானியத்தை மட்டுமே நம்பியிராமல் இப்படி ஒரு நிலையான வருவாய் கிடைத்தது, பல்கலைக்கழகத்துக்குத் தலைநிமிர்ந்து நிற்கும் வலிமையைத் தந்தது.

1936இல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்போர்டு சென்றபோது, ரெட்டி மீண்டும் துணைவேந்தராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்தடுத்துத் தேர்வு பெற்று 1949 வரை பதவி வகித்தார். வெளியேறியவரை நிறுவனமே திரும்ப அழைத்தது என்பது சிறப்பு. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. பல்கலைக்கழகக் கட்டடங்களை இராணுவம் எடுத்துக்கொண்டது. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் 1946இல் வால்டேருக்குத் திரும்பியது. ஆய்வகங்களையும் நூலகத்தையும் மாணவர்களையும் வேறொரு நகருக்கு நகர்த்தி, பாடமும் தேர்வும் குலையாமல் காத்த அந்நாள்களில் அவருடைய நிர்வாகத் திறன் வெளிப்பட்டது.

ரெட்டியின் வரலாற்றில் குறைகாண இடமில்லை என்று சொல்வதற்கில்லை. கட்சிகளுக்கிடையே அவர் நகர்ந்ததை நிலையின்மை என்று எதிரிகள் சாடினர். நீதிக்கட்சியை விமர்சித்த அவர், 1937இல் பதவியேற்ற காங்கிரஸ் ஆட்சியையும் விமர்சித்து நூல் எழுதினார். எந்த அரசின் அடக்குமுறையைக் கண்டித்துப் பதவி துறந்தாரோ, அதே அரசு வழங்கிய 'சர்' பட்டத்தைப் பிற்காலத்தில் ஏற்றார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்களுக்கு இது உறுத்தலாக இருந்திருக்கும். ஒரே மனிதர் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒரு பல்கலைக்கழகத்தை ஆள்வது நல்லதா என்ற கேள்வியும் நியாயமானதே. மனிதர்களை முழுமையாகவே பார்க்க வேண்டும். ஆனாலும் 1930இல் அவர் எடுத்த முடிவின் மதிப்பை இவை அழித்துவிடவில்லை.

1949இல் ஆந்திரப் பல்கலைக்கழகப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்றபின், மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராக அவர் பொறுப்பேற்றார். எந்தப் பல்கலைக்கழகத்தின் பிறப்புக்கு அறிக்கை எழுதினாரோ அங்கேயே அவருடைய பொதுவாழ்வு நிறைவுற்றது. 1951 பிப்ரவரி 24 அன்று அவர் காலமானார்.

இவ்வரலாற்றிலிருந்து இன்றைக்கு நாம் பெறக்கூடியவை எவை? முதலாவது, அரசியல்வாதி துணைவேந்தராகக் கூடாது என்று பொதுவாகச் சொல்லப்படும் கருத்து முழு உண்மையன்று. அரசியல் அறிந்தவர் கெடுதல் செய்யலாம். அரசியலின் அழுத்தத்தை எதிர்கொள்ளவும் அவருக்கே தெரியும். கட்சிக்குக் கட்டுப்பட்டவர் வேறு, பொதுவாழ்வில் பழுத்தவர் வேறு. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அன்று துணைவேந்தர் தேர்வில் பல்கலைக்கழகத்தின் செனட் அவைக்குப் பங்கு இருந்தது. ராதாகிருஷ்ணனும் ரெட்டியும் தேர்தலின் வழியே வந்தவர்கள். தேர்தலில் குழுச் சண்டைகளும் பேரங்களும் நுழையும் என்பது உண்மை. அதற்காக, பல்கலைக்கழகத்தின் உறுப்பினர்களுக்குத் தங்கள் தலைவரைத் தீர்மானிப்பதில் எந்தப் பங்கும் இல்லை என்ற நிலையும் சரியன்று. ஆளுநரா, அரசா என்ற இன்றைய வழக்கில் மூன்றாம் தரப்பாகிய ஆசிரியர்களின் குரல் எங்கும் ஒலிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, நிதி. இரட்டையாட்சிக் காலத்துக் கல்வி அமைச்சரிடம் இல்லாத அதே சாவி, இன்று துணைவேந்தரிடமும் இல்லை. ஆசிரியர் பணியிடம் ஒன்றை நிரப்பவும், ஓய்வூதியம் வழங்கவும் ஒவ்வொரு முறையும் கோட்டையின் வாயிலில் காத்திருக்கும் பல்கலைக்கழகம், சட்டப்புத்தகத்தில் மட்டுமே தன்னாட்சி பெற்றது. குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட மானியமும், அதைச் செலவிடும் உரிமையும், செலவைத் தணிக்கை செய்து வெளியிடும் கடமையும் ஒருசேர இருக்க வேண்டும். பல்கலைக்கழக நிதிக்குழுக் கூட்டங்களில் அமர்ந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்: மானியம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் துணைவேந்தரின் குரல் ஒரு படி தாழ்கிறது.

துணைவேந்தர் நியமனம் குறித்த வழக்குகள் ஒருநாள் முடிவுக்கு வரும். அதிகாரம் ராஜ்பவனுக்கோ தலைமைச் செயலகத்துக்கோ செல்லும். எந்தப் பக்கம் சென்றாலும், தேர்வுக்குழுவின்முன் வரும் பெயர்களில் பதவியைத் துறக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதே மாணவர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். அப்படிப்பட்டவரை அஞ்சாமல் தேர்ந்தெடுக்கும் பெருந்தன்மை, நியமிப்பவருக்கும் வேண்டும். தம்மைக் கவிழ்க்க முயன்றவர் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரானதைப் பனகல் அமைச்சரவையால் ஏற்க முடிந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் நம்மால் ஏன் முடியாது?

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).